கண்ணகி பார்க்காத மதுரை

சில மாதங்களுக்கு முன்பு இளம் எழுத்தாளர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். கையிலே கனமான நோட்டுப் புத்தகம். அதற்குள் எங்குமே இல்லாத ஒரு நகரத்தை அவர் கட்டி வைத்திருந்தார். ஏழு சுற்று மதில், ஒவ்வொரு மதிலுக்கும் வேறு நிறக் கல், வாசலுக்கு ஒரு காவல் தெய்வம், தெருக்களுக்குப் பெயர், நாணயத்துக்குப் பெயர், வரைபடம் வேறு. செல்வம் கொழிக்கிற நகரம். எல்லாவற்றையும் காட்டிவிட்டு, “நகரம் தயாராகிவிட்டது ஐயா, கதைதான் நகரமாட்டேன் என்கிறது” என்றார்.

“சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையையும் அடைக்கலக் காதையையும் எடுத்துப் படியுங்கள்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பரீட்சைக்குப் படித்த புத்தகத்தை மறுபடியும் படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் வாடாது? அன்று அவரிடம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இளங்கோவடிகளின் மதுரையைப் பற்றிப் பண்டிதர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1892-ல் உ. வே. சாமிநாதையர் நூலைப் பதிப்பித்ததிலிருந்து அது ஓயவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பகுதிகளைச் சரித்திரச் சான்றாகவே பார்க்கின்றன. அந்தக் காலத்தில் என்னென்ன மணி விற்றார்கள், யவனர் எந்த வாசலில் காவல் நின்றார்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். அது அவர்கள் வேலை. அதில் எனக்குச் சண்டை இல்லை. கதை எழுதுகிறவனுக்கு உள்ள கேள்வி வேறு. இந்த வருணனை ஏன் இந்த இடத்தில் வருகிறது? யார் கண் வழியாக வருகிறது? இதை எடுத்துவிட்டால் கதையில் எது விழும்?

இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், இளங்கோவின் மதுரை ஒரு சிருஷ்டி என்பது தெரியும். பெயர் உண்மை, ஆறு உண்மை, கோயில்கள் உண்மை. ஆனால் அந்த மதிலுக்குள் ஒவ்வொரு தெருவும் ஒரு காரியத்துக்காகப் போடப்பட்டிருக்கிறது. மதுரைக்காஞ்சியும் இதே நகரத்தைத்தான் 782 அடிகளில் பாடுகிறது. பகல் கடை, இரவுக் கடை, ஜாமம் ஜாமமாக நகரம் மாறுகிற விதம் எல்லாம் அதில் உண்டு, அழகில் குறைவில்லை. அதன் நோக்கம் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்துவது. ஆகவே அங்கே பார்க்கிற கண் யாருடையதும் அல்ல; எல்லோருக்கும் மேலே நின்று பார்க்கிற கண். சிலம்பில் அப்படி இல்லை. அங்கே ஓர் ஆள் நடக்கிறான். அவன் மறுநாள் சாகப்போகிறவன்.

கவுந்தியடிகளிடம் கண்ணகியை விட்டுவிட்டு, கோவலன் தனியாக நகரம் பார்க்கப் போகிறான். வாளேந்திய யவனர் காக்கும் வாயிலைக் கடக்கிறான். கணிகையர் வீதிகளைப் பார்க்கிறான். அவனுக்குப் பழக்கமான உலகம்தான். பிறகு மணி விற்கிற கடைத்தெரு. இங்கேதான் கவி நிதானிக்கிறார். வைரத்துக்கு எவை குற்றம், மரகதத்துக்கு எவை குற்றம், மாணிக்கத்தின் ஜாதிகள் எத்தனை, முத்திலே எது பழுதுபட்டது, பவளத்திலே எது தள்ளத்தக்கது என்று நுணுக்கி நுணுக்கிச் சொல்கிறார். அதற்கப்புறம் நான்கு வகைப் பொன்னை வேறுபாடு அறிந்து விற்கிறவர்களின் தெரு, அறுவை வீதி, துலாக்கோலும் மரக்காலும் கையுமாகத் தானியத் தரகர்கள் அலைகிற கூலவீதி, மிளகு மூட்டைகள். எல்லாம் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறான்.

மாணவனாக இருந்தபோது இந்தப் பகுதியை நான் தாண்டிப் போய்விடுவேன். மணிகளின் குற்றப் பட்டியலில் என்ன சுவை? பல வருஷம் கழித்து, ஒரு நாவலில் எனக்கே ஒரு கடைத்தெரு தேவைப்பட்டபோது திரும்பப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது. கதையின் முடிச்சு என்ன? அரசி சிலம்பின் பரல் முத்து. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லக் குழந்தை போதும். அந்த நகரத்திலோ, ஒரு மாணிக்கத்துக்கும் இன்னொரு மாணிக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லக்கூடியவர்கள் ஒரு தெரு நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். நிறுக்கக் கோல் இருக்கிறது. அளக்க மரக்கால் இருக்கிறது. பொன்னை மாற்றுப் பார்க்க ஆள் இருக்கிறது. ஒரு சிலம்பைத் திறந்து பார்க்க மட்டும் ஒருவரும் இல்லை. இதைக் கவி எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டியலை முன்னாடியே போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். வழக்குரை காதையில் பரல் தெறிக்கும்போது அந்தப் பட்டியல் நம் ஞாபகத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் குற்றம் நம்முடையது.

இங்கே ஒரு கதாசிரியனுக்கு நியாயமான ஆட்சேபம் தோன்றும். எனக்கும் தோன்றியது. நேற்றுத்தான் அந்தத் தெருவைச் சுற்றிப் பார்த்தவன், இன்று நேரே அங்கே போகாமல் வழியில் கண்ட தட்டானிடம் ஏன் சிலம்பைக் காட்டுகிறான்? புகார் வணிகன் மகனுக்கு இது தெரியாதா? இதைக் கவியின் கவனக்குறைவு என்று நான் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. இப்போது அப்படி எண்ணவில்லை. எதிரே வந்த பொற்கொல்லன் தனியாக வரவில்லை. நூறு பேர் பின்தொடர வந்தான். அரசன் தந்த சிறப்புடையவன் என்று கோவலன் தானே முடிவு கட்டிக்கொள்கிறான். வெளியூர்க்காரனுக்கு நகரத்தில் எவன் யோக்கியன் என்று தெரிய வழியில்லை. எவனுக்குப் பின்னால் கூட்டம் வருகிறது என்பதுதான் தெரியும். நம் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஏலக்காயும் திராட்சையும் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறவர்களைக் கேட்டால் இதில் உள்ள உண்மையைச் சொல்வார்கள்.

செல்வ நகரம் ஒருவனை ஏமாற்றுவதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. தன் ஆடம்பரத்தைக் காட்டினால் போதும். இளங்கோ அதைக் காட்டிவிட்டு, இன்னொன்றும் செய்கிறார். அரசனின் காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் கள்வன் போல் இல்லையே என்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சரியாகவே மதிப்பிடுகிறார்கள். பொற்கொல்லன் அவர்களுக்குக் களவு நூல் நுட்பங்களை உபந்நியாசம் செய்கிறான். அவர்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். விசாரிக்க வேண்டிய அரசன், ஊடல் கொண்ட அரசியைத் தேடிப் போகிற அவசரத்தில் ஒரு வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். தீமை என்று பார்த்தால் பொற்கொல்லன் ஒருவன்தான். மற்றதெல்லாம் அவசரமும் அசட்டையும். பெரிய நகரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கொல்லுகின்றன.

இனி மதிலுக்கு வருகிறேன். மதுரையின் மதில்மேல் இருந்த பொறிகளைப் பற்றிய பகுதி பிரசித்தமானது. தானே வளைந்து அம்பு எய்யும் வில், கரிய விரலுடைய குரங்கு போன்ற பொறி, கல் வீசும் கவண், காய்ந்த எண்ணெய் ஊற்றும் மிடா, செம்பை உருக்கும் குழிசி, இரும்பு காய்ச்சும் உலை என்று நீண்டுகொண்டே போகும். நம் முன்னோரின் யுத்தத் தொழில் திறமைக்குச் சான்று என்று மேடைகளில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லட்டும். ஆனால் இந்தப் பட்டியல் காப்பியத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கோவலன் நகரம் பார்க்கப் போகும்போது அது வரவில்லை. போர் எதுவும் நடக்கும்போதும் வரவில்லை. மாலை வேளை; பசுக்கள் கன்றை நினைத்துத் திரும்புகின்றன. இடைச்சி மாதரி, அடைக்கலமாகப் பெற்ற கண்ணகியை அழைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடக்கிறாள். காவற்காடும் அகழியும் கடந்து, அந்தப் பொறிகளெல்லாம் நிறைந்த மதிலின் வாயில் வழியாகக் கண்ணகி உள்ளே போகிறாள். அப்போதுதான் கவி பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அத்தனை இயந்திரங்களும் வெளியே பார்த்துக் காத்திருக்கின்றன. அந்த நகரத்தை அழிக்கப்போகிறவள், வழி நடந்து வாடிய கால்களோடு, மோர் விற்கிறவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் அடியில் நடந்து போகிறாள். ஒரு பொறியும் அசையவில்லை. எப்படி அசையும்? அன்று மாலை அவள் பகைவி அல்ல. மறுநாள் அந்த நகரம்தான் அவளைப் பகைவி ஆக்கிக்கொண்டது.

இளம் எழுத்தாளர் தம் நகரத்துக்கு ஏழு மதில் கட்டியிருந்தார். இங்கிலாந்தில் டோல்கின் 1954-லும் 55-லும் வெளியிட்ட பெரும் கற்பனைக் கதையிலும் ஏழு அடுக்கு மதிலுள்ள ஒரு நகரம் உண்டு. அதன் வீடுகளில் பல ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்தக் காலி வீடுகள்தான் அந்த மதில்களுக்கு அர்த்தம் கொடுக்கின்றன. அதற்கு வெகு காலம் முன்பே பிளேட்டோ, அட்லாண்டிஸ் என்ற செல்வத் தீவைக் கட்டினார். வெளிமதிலுக்கு வெண்கலப் பூச்சு, உள்மதிலுக்கு ஈயப் பூச்சு, நடுக்கோட்டைக்கு நெருப்பாய் மின்னுகிற ஓர் அபூர்வ உலோகம். அந்த மக்கள் கெட்டார்கள். தண்டிக்கத் தேவராஜன் சபையைக் கூட்டிப் பேச வாயெடுக்கிறான். அங்கே நூல் நின்றுபோகிறது. பிளேட்டோ அதை முடிக்கவில்லை. காரணம் எதுவாயிருந்தாலும், நகரத்தைக் கட்டுவது சுலபம், அது ஏன் விழவேண்டும் என்று எழுதுவதுதான் கஷ்டம் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கஷ்டத்தை இளங்கோ தாண்டினார். தாண்டியதற்குக் காரணம், அவர் மதிலிலிருந்து தொடங்காமல், அதற்குள் நுழைகிற ஒரு பெண்ணிலிருந்து தொடங்கியது.

அந்தப் பெண் நகரத்தைப் பார்க்கவே இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மணித்தெருவையும் பொன்தெருவையும் பார்த்து மகிழ்ந்தவன் கோவலன். கண்ணகி பார்த்த மதுரை, இடைச்சேரியில் ஒரு சின்ன வீடு, அங்கே அவள் சமைத்த கடைசிச் சோறு, அவ்வளவுதான். பெருந்தெருக்களில் அவள் கால் வைத்தபோது அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. எந்த நகரத்தின் அழகை அவள் அறியவே இல்லையோ அதை அவள் எரிக்கிறாள். கதாநாயகிக்குத் தெரியாத நகரத்தை வாசகனுக்கு முழுக்கத் தெரியவைத்திருக்கிறார் கவி. அதனால்தான் தீப்பிடிக்கும்போது நமக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது.

எரித்தபின் அவள் கொற்றவை வாயிலில் வளையலை உடைத்துவிட்டு, மேற்கு வாசல் வழியே வெளியேறுகிறாள். இங்கே நான் என் ஊர்க்காரனாகப் பேச அநுமதிக்க வேண்டும். வையையின் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தால் வந்துசேர்வது எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு. அவள் ஏறிய நெடுவேள் குன்றம் எது என்பதில் உரைகாரர் காலத்திலிருந்தே வழக்கு உண்டு. திருச்செங்கோடு என்றவர்களும் இருக்கிறார்கள். 1963-ல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கூடலூருக்கு மேலே மலையில் உள்ள மங்கலதேவி கோட்டமே அது என்று கண்டு சொன்னார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அவர் சொல்லும் வரை காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

4,000 அடிக்கு மேலே, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லை வழக்கு உள்ள இடத்தில், புலிகள் காப்பகத்துக்குள், இடிந்து கிடக்கிற கற்கோயில் அது. வருஷத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, தேனி மாவட்டத்தாரும் இடுக்கி மாவட்டத்தாரும் கூடி ஏற்பாடு செய்து ஜனங்களை விடுகிறார்கள். குமுளி வழியே ஜீப்பில் போகலாம். லோயர் கேம்ப்புக்குப் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். நான் ஒரு முறை நடந்து ஏறினேன். வழியில் ஒரு பாறையில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி. கை நிறையக் கண்ணாடி வளையல். “எந்த ஊர் ஆத்தா?” என்று கேட்டேன். சின்னமனூர்ப் பக்கம் என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்: “மதுரையிலருந்து இம்புட்டுத் தூரமும் ஒத்தையில நடந்தே வந்திருக்கா பாருப்பா. வழியில ஒரு வாய்த் தண்ணி குடிச்சாளோ என்னமோ.”

நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அவள் தண்ணீர் குடித்ததாக எனக்கு ஓரிடமும் அகப்படவில்லை. கணவனைக் காணும்வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று கிளம்பியவள், இரவு பகல் தெரியாமல், பள்ளம் மேடு பாராமல் நடக்கிறாள். மதுரையிலிருந்து கூடலூருக்கு இன்றைய சாலையில் 120 கிலோமீட்டருக்கு மேல். கடைத்தெருவின் ஒவ்வொரு மணிக்கும் அடி ஒதுக்கிய கவி, இந்த நடைக்கு ஒதுக்கியது சில அடிகளே. சுருக்கியது சரிதான், எரிந்த நகரத்தை விட்டு வருகிறவள் கண்ணில் வழியில் என்ன படும்? ஆனால் இரண்டு காதைகளில் நகரத்தைப் படித்துச் சேர்த்த நான் கேட்காத கேள்வியை, அதைப் படிக்காத கிழவி கேட்டாள். மதுரை எரிந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருத்தி தனியாக நடந்து வந்ததுதான் பெரிது.

இவ்வளவு சொன்னபின், காப்பியத்தின்மேல் எனக்குள்ள மனக்குறையையும் மறைக்கக்கூடாது. எரிந்த நகரத்தில் மிச்சம் என்ன? கண்ணகி தீக்குக் கட்டளையிடும்போது பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடச் சொல்கிறாள். கோபத்தின் உச்சத்திலும் அவள் ஆள் பார்த்துப் பிரிக்கிறாள். நெடுஞ்செழியன் செய்யாததைச் செய்கிறாள். நல்லது. ஆனால் அவனுக்குப் பின் வந்த கொற்கை வெற்றிவேற்செழியன் என்ன செய்தான்? ஆயிரம் பொற்கொல்லர்களை ஒரே நாளில் பலி கொடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது என்கிறது நூல்.

ஒருவனை விசாரிக்காமல் கொன்றதற்காக ஒரு நகரம் எரிந்தது. அதற்குப் பரிகாரமாக ஆயிரம் பேரை விசாரிக்காமல் கொல்கிறார்கள். அந்த ஆயிரம் பேரில் சிலம்பை எடுத்தவன் எவன்? அவர்களுக்கும் வீட்டில் மனைவிமார் இருந்திருப்பார்கள். அவர்கள் காலிலும் ஏதோ ஒரு சிலம்பு இருந்திருக்கும். அவர்கள் எந்த வாசலில் போய் முறையிட்டார்கள்? கவி இதைச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவருக்கு இது தெரியாமல் இராது. தெரிந்துதான் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வாதாட ஆட்கள் உண்டு. நானும் அப்படி நம்பவே ஆசைப்படுகிறேன். ஆனால் நூலில் அதற்கு ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு சிலம்புக்காக அவ்வளவு நுட்பமாகத் தெருத்தெருவாய் நியாயம் கேட்ட கவிதை, ஆயிரம் உயிருக்கு ஓர் அடியில் கணக்கு முடிக்கிறது. இந்த இடத்தில் மதுரை எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். மகா காவியத்திடமும் ஒரு வாசகன் இவ்வளவு கேட்கலாம், கேட்பதுதான் மரியாதை.

இளங்கோ எண்ணிய மதிலின் கல் ஒன்றும் இன்று நம் கையில் இல்லை. பிற்காலத்தில் நாயக்கர்கள் 72 கொத்தளங்களோடு கட்டிய கோட்டையையும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க ஏற்பாடு செய்தார். இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த நிலத்தைக் கொடுத்ததனால் வேலை நடந்தது. அந்த வேலையை நடத்தியவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். தீயும் வேண்டியிருக்கவில்லை, பொறிகளும் குறுக்கே நிற்கவில்லை. நகரம் பெருத்தது, மதில் இடைஞ்சலாயிற்று, போய்விட்டது.

எங்கள் மலைக்கும் அந்த நகரத்துக்கும் உள்ள பாக்கி மட்டும் தீரவில்லை. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் இறங்குகிறது. லோயர் கேம்ப்பில், கண்ணகி கோட்டத்துக்கு ஏறுகிற மலையின் அடிவாரத்தில்தான் அது பள்ளத்தாக்குக்கு வந்து சேருகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து, வையையில் கலந்து, 1959-ல் கட்டிய அணையில் தங்கி, மதுரைக்குப் போகிறது. சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அந்த அணையிலிருந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். அதே நாள்தான் நாங்கள் மேலே ஏறுகிறோம். அவள் நடந்து வந்த வழியிலேயே தண்ணீர் திரும்பிப் போகிறது.

இளம் எழுத்தாளருக்கு ஒரு வார்த்தை. உங்கள் நகரத்துக்கு எட்டாவது மதில் வேண்டாம். சாயங்கால வேளையில், யாரும் கவனிக்காமல், அதற்குள் நுழைகிறவர் யார் என்று முதலில் எழுதுங்கள். பிறகு அந்த நகரத்துக்கு எதையெல்லாம் நிறுக்கத் தெரியும், எதை நிறுக்கத் தெரியாது என்று எழுதுங்கள். கதை நகரும்.